சோம்பேறி என்று யாரைச் சொன்னீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளுக்குக் காது வழியாக நரம்பைத் தூண்டிப் பால் குடிக்கப் பழக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் நல்ல விஷயம்தான். ஆனால் முதல் பத்தியிலேயே "பால் குடிக்கச் சோம்பல்படும் குழந்தைகள்" என்று ஒரு வரி. ரெண்டு நாளாக அதைத் தாண்ட முடியவில்லை.

என் மகள் 30 வாரத்தில் பிறந்தவள், எடை 1,240 கிராம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் நடக்க கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும் என்பது மருத்துவத்துக்கென்றே தனிப்பக்கம் நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? எங்கள் குழந்தை நாலு தடவை உறிஞ்சுவாள், அப்புறம் மூச்சு விட மறந்துவிடுவாள். உதடு நீலமாகும், மானிட்டர் அலறும், நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார். இதற்குப் பெயர் சோம்பலாம்.

பிரஷர் ஏறி ஆபரேஷன் ஆன என் மனைவி திண்டுக்கல்லில், குழந்தை ஆம்புலன்ஸில் போய் மதுரையில். ஐந்து நாள் அவள் பிள்ளையின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். சீம்பாலைப் பிழிந்து கொடுப்பாள், நான் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் ஏறுவேன். முதல் நாள் கொண்டுபோனது மொத்தமே ஐந்து மில்லி. டியூப் வழியாக ரெண்டு ரெண்டு மில்லியாகக் கொடுத்தார்கள், அதற்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "பாலே இல்லையாமே" என்று அவள் காதுபடப் பேசிவிட்டுத்தான் போனார்கள், அதில் என் அம்மாவும் அடக்கம். மதுரையில் வாசல் செக்யூரிட்டி எனக்கு வைத்த பெயர் பால்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மூன்றாம் நாளிலிருந்து கேள்வி கேட்காமல் உள்ளே விட்டவர் அவர் ஒருவர்தான்.

கட்டுரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்த முயற்சி அது. காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மேட்டில் மூளையிலிருந்து தொண்டை, நெஞ்சு, வயிறு வரை போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று இருக்கிறது. அங்கே மெல்லிய மின் தூண்டலைக் குழந்தை உறிஞ்சும் நேரத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், மூளை அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. சரி. ஆனால் அந்தக் குழந்தைகள் குடித்தது பாட்டில் பால். நீங்கள் "தாய்ப்பால் குடிக்க வைக்கும் கருவி" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அதுவும் எந்தக் குழந்தைகள்? வாரக்கணக்கில் பழக்கியும் வாயால் குடிக்க வராமல், வயிற்றில் துளை போட்டு டியூப் வைக்கலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தவர்கள். 2020-இல் வெளிவந்த முதல் ஆய்வில் 14 குழந்தைகள், அதில் பாதிக்குச் சற்று மேல் அந்த டியூப் இல்லாமல் தேறின. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு இல்லை அது. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் எங்கே? என்னைப் போல டியூபையே பார்த்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதைப் படித்துவிட்டு, நாளைக்கே டாக்டரிடம் "காதில் மாட்டும் மிஷின் இருக்கிறதாமே" என்று போய் நிற்பான்.

சார்ல்ஸ்டன் வரை போன உங்கள் கட்டுரையாளருக்கு நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பாலாடை, குழந்தைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், கண்ணில் படவில்லை. என் மகள் டியூபிலிருந்து தாயின் மார்புக்கு வந்தது அந்தப் பாலாடை வழியாகத்தான். வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலேயே அதைப் பாலாடை என்றுதான் எழுதுகிறார்கள், நாம்தான் கூச்சப்படுகிறோம்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பால் வாரச் சிறப்பிதழ் போடுகிறீர்கள். அட்டையில் வருஷாவருஷம் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத ஒரு குழந்தை. மூன்று வருடத்துக்கு முன் இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், உங்களைத் தப்பாக நினைக்க மனம் வரவில்லை. 26 வார மகப்பேறு விடுப்பைப் பாராட்டி ஒரு தலையங்கம் எழுதினீர்கள், அதையும் படித்தேன். அந்த விடுப்பில் ஏழு வாரம் எங்களுக்கு ஐசியூ வாசலில் கழிந்தது. குறைப்பிரசவத்தால் உடம்புக்கு முடியாமல் போனால் அதே சட்டத்தில் இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு கேட்கலாம் என்று இருக்கிறது. என் மனைவியின் ஆபீஸில் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைம்மா" என்றார்கள், நாங்களும் நம்பிவிட்டோம். உங்கள் தலையங்கத்திலாவது ஒரு வரி இருந்திருக்கலாம்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. ரெண்டு இட்லி சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குகிறாள். அதைச் சோம்பல் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இணையத்தில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. "சோம்பல்படும்" என்பதை எடுத்துவிட்டு "இன்னும் பழகாத" என்று போட்டுவிடுங்கள். முடிந்தால் ஐசியூவில் குழந்தை இருக்கும்போது பாலைப் பிழிந்து, சேமித்து, கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று நல்ல நர்ஸ் ஒருவரிடம் கேட்டு அரைப் பக்கம் போடுங்கள். ஐஸ் பெட்டிப் பகுதிக்கு ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய பால்காரன்,
திண்டுக்கல்.