தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் வழக்கம்போல் நடைபெற்றன. நிர்வாகக் குழு ஆறு முறை கூட்டப்பட்டது. போதிய உறுப்பினர்கள் வராமையால் இரண்டு கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

இரண்டாம் சனிக்கிழமைதோறும் நாம் நடத்தும் இளந்தாய்மார் கூடுகையைப் பற்றி, “குழந்தை நலம் அரசின் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன?” என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேரள எல்லையோரத்தில் உள்ள நம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் நம்மவர் பலர் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, கோவைப் பக்கமே பெண் எடுக்கிறோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் மருமகள் எல்லை தாண்டிப் போய், குழந்தைக்கு ஐந்தாறு மாதமான பிறகே திரும்புகிறாள். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளும், பிறந்த 42 நாளுக்குள் ஆஷா பணியாளர் (அரசுக்காக ஊரில் தாய்சேய் நலம் பார்க்கும் பெண்) ஆறு முறை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நாள்களும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன.

ஆடி மாதக் கூடுகைக்கு வந்த ஒரு தாய், பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாய்சேய் நல அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மலையாள அட்டையில் கர்ப்பகாலப் பதிவுகள் மட்டுமே இருந்தன. தமிழ் அட்டை 14ஆம் வாரத்தோடு நின்றிருந்தது. குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது. ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி இரண்டிலும் இல்லை. யாரும் ஊசியை மறுக்கவில்லை. அங்கே போட்டிருப்பார்கள் என்று இங்கும், இங்கே போடுவார்கள் என்று அங்கும் இருந்துவிட்டார்கள்.

அன்று முதல் யார் எப்போது புறப்பட்டார், எப்போது திரும்பினார், கடைசியாகப் போட்ட ஊசி எது என்று ஒரு நோட்டில் எழுதி, மாதந்தோறும் துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் காட்டிவருகிறேன். இப்போது அவரே ஏழாம் மாதப் பரிசோதனையில் பிரசவம் எங்கே என்று கேட்டுத் தாய்வீட்டுக் கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பக்கத்து வார்டிலும் அவ்வாறே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் கிராமப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட முறையைத்தான், 2011இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஆஷாக்களின் பணியாக்கியது. 2005இல் ஆஷா திட்டம் வருவதற்கு முன்பே, 2002இல் சத்தீஸ்கரில் ‘மிதானின்’ எனப்படும் ஊர் சுகாதாரப் பணிப்பெண்கள் இருந்தார்கள். ஊர் செய்து காட்டியதை அரசு எடுத்துக்கொண்ட வரலாறு இருக்கும்போது, இது நம் வேலை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூடுகைக்கு உதவப் பெயர் கொடுத்த எட்டு உறுப்பினர்களுள் தொடர்ந்து வந்தவர் இருவரே. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் இருந்தும், கல்லூரி விடுமுறையில் என் மகள் வந்தால்தான் அட்டைகளைப் படிக்க முடிந்தது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியது. இரண்டாண்டுச் சந்தா நிலுவை வந்திருந்தால் மிஞ்சியிராது. இடமும் நாற்காலிகளும் தந்துதவியவர்களுக்கும், அங்கன்வாடி ஆசிரியைக்கும், செவிலியருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் கூடுகையைத் தனியாளாக நடத்த என்னால் இயலாது. மலையாளம் படிக்கத் தெரிந்த இருவர் நோட்டின் பொறுப்பை ஏற்க முன்வர வேண்டுகிறேன். அடுத்த மாதம் மூன்று பெண்கள் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன் பெயரும் எண்ணும் நோட்டில் ஏறியாக வேண்டும்.

செயலாளர்