ஹைதராபாத் கல்விச் சுற்றுலா: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஹைதராபாத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று சுற்றறிக்கை அனுப்பியதிலிருந்து, அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இருக்க, ஏன் சார் அவ்வளவு தூரம்?" என்பது ஒன்று. "ராமோஜி ஃபிலிம் சிட்டி உண்டா?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அது ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது, போனால் ஒரு முழு நாள் அதிலேயே தீர்ந்துவிடும். அந்த நாளைக் கோல்கொண்டாவுக்குக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்மேல் வருத்தம்தான். பரவாயில்லை.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். உங்களில் சிலருடைய மூத்த பிள்ளைகள் ஏற்கெனவே ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறார்கள். இப்போது ஒன்பதாவது படிப்பவர்களில் எத்தனையோ பேர் இன்னும் ஏழெட்டு வருடத்தில் அங்கேயோ அதுபோன்ற இன்னொரு ஊரிலேயோ அறை தேடிக்கொண்டிருப்பார்கள். கம்பெனி வாசல், விடுதி, பிரியாணிக் கடை என்று மூன்று இடம் மட்டும் தெரிந்துகொண்டு ஒரு ஊரில் பத்து வருடம் ஓட்டிவிட முடியும். அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஒரு ஊர் ஏன் அந்த இடத்தில் தோன்றியது, எந்தப் பக்கமாக வளர்ந்தது, தண்ணீருக்கு என்ன செய்தது, யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை, பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதைப் பார்க்கும். இதைப் பழகிக்கொள்ள ஹைதராபாத் மாதிரி தோதான ஊர் குறைவு. பழைய ஊரும் புதிய ஊரும் அங்கே ஒன்றையொன்று அழிக்காமல் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

அதனால் நகரம் வளர்ந்த வரிசையிலேயே பார்க்கப் போகிறோம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டத்தில், தங்கும் விடுதிக்கு எது பக்கமோ அது முதலில் இருந்தது. டீசல் மிச்சம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது என்று மாற்றச் சொல்லிவிட்டோம்.

ஆகவே முதலில் கோல்கொண்டா. காகத்தியர் காலத்தில் சிறிய அளவில் இருந்த கோட்டையைக் குதுப் ஷாஹி சுல்தான்கள் கருங்கல்லில் பெரிதாக்கினார்கள். கோஹினூர் உட்பட உலகம் பேசிய வைரங்கள் கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களில் கிடைத்தன. விற்பனை நடந்தது இந்தக் கோட்டையை ஒட்டிய சந்தையில். எனவே "கோல்கொண்டா வைரம்" என்று பெயர் நிலைத்துவிட்டது. வாசல் அருகே கூரைக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று கை தட்டினால், குன்றின் உச்சியில் இருக்கும் மண்டபத்தில் கேட்கும். எதிரி வந்தால் மேலே தெரிவிக்கக் கட்டிய ஏற்பாடு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைக் கீழேயும் பாதிப் பேரை மேலேயும் நிறுத்தப்போகிறோம். ஒலி எதிரொலிப்பு பாடத்தை நடத்த இதைவிட நல்ல வகுப்பறை எங்களிடம் இல்லை. அப்புறம், அந்தக் குன்றின் மேல் தண்ணீர் ஏறிய வழியையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஏற்றச் சக்கரங்களால் படிப்படியாக மேலே இறைத்து, சுட்ட மண் குழாய்களில் அரண்மனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உடைந்த குழாய்கள் சுவருக்குள் இன்றும் தெரியும்.

அதே கோட்டையில் ஒரு சிறை இருக்கிறது. பத்ராசலத்தில் ராமர் கோயில் கட்ட அரசாங்க வரிப்பணத்தைச் செலவிட்டார் என்று அதிகாரி கஞ்சர்ல கோபன்னாவைத் தானா ஷா சுல்தான் அடைத்துவைத்த இடம். இந்தக் கோபன்னாதான் பத்ராசல ராமதாசர்; அப்படிச் சொன்னால் நம் ஊர் பஜனை மடத்துக்குப் போகிற தாத்தா பாட்டிகளுக்கு உடனே தெரியும். சுவரில் ராமர், லட்சுமணர், அனுமன் உருவங்கள் செதுக்கியிருக்கும். கிளம்பும் முன்பு வீட்டுப் பெரியவர்களிடம் அவர் பாட்டில் ஒன்றைக் கேட்டுவரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் பாடிக் காட்டுங்கள்.

கோட்டைக்குள் நெரிசல் கூடியது, தண்ணீரும் போதவில்லை. ஐந்தாவது சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா 1591-இல் முசி ஆற்றைத் தாண்டி, தென்கரையில் புது நகரம் அமைத்தார். நடுவில் சார்மினார், அதிலிருந்து நான்கு திசைக்கு நான்கு சாலைகள். பிரதம மந்திரி மீர் மூமின் வகுத்த திட்டம் அது. சுல்தான் காதலித்த பாக்மதி என்ற பெண்ணின் பெயரில் முதலில் ஊர் இருந்தது என்ற காதல் கதையை வழிகாட்டி கட்டாயம் சொல்வார். வரலாற்றாசிரியர்கள் அதில் ஒத்துப்போவதில்லை என்பதையும் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை கட்டாயம் சொல்வார்.

சார்மினாரில் இருந்து மேற்கே நடந்தால் லாட் பஜார். அரக்கு வளையல் தெரு. அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, உருட்டி, வளைத்து, இறுகுவதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கை கொஞ்சம் தாமதித்தாலும் அரக்கு இறுகிவிடும், கல் ஒட்டாது. கடையில் வாங்குவதைவிட அடுப்புக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. எப்படியும் அம்மாவுக்கு, அக்காவுக்கு என்று வாங்கத்தான் போகிறார்கள். பேரம் பேசுவதற்கு ஆசிரியைகள் துணைக்கு இருப்பார்கள்.

முசி ஆற்றைப் பிள்ளைகள் பாலத்தின் மேல் நின்று பார்ப்பார்கள். முகம் சுளிப்பார்கள், நிலைமை அப்படி. ஆனால் அதே ஆறு 1908 செப்டம்பர் 28 அன்று ஊருக்குள் ஏறி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. ஆற்றங்கரையில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. அதன் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது என்று அப்போது ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டது. அதன் விளைவுதான் 1920-இல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927-இல் முடிந்த ஹிமாயத் சாகரும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஏரிகளே பிறகு ஊருக்குக் குடிதண்ணீரும் கொடுத்தன. மழைக்காலத்தில் தெருவில் படகு ஓட்டியும், சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றும் பழகிய நமக்கு இதைப் பிள்ளைகளிடம் விளக்க அதிகம் வார்த்தை தேவைப்படாது.

சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆற்றுக்குப் பக்கத்திலேயே. முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையைப் பார்க்கும்போது, பளிங்கை மெல்லிய துணியாக்கிய கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும் பொம்மை வெளியே வரும் கடிகாரத்துக்கு முன்னால் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால்தான் பயணத் தேதியை ஒரு நாள் தள்ளிவைத்தோம்.

அடுத்து ஹுசைன் சாகர் ஏரிக்கு அந்தப் பக்கம், செகந்தராபாத். ஆங்கிலேயர் படை முகாமாகத் தொடங்கிய ஊர் இது. சென்னைப் படையோடும் பிறகு ரயில்வேயோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கிறது. அன்று இரவுச் சாப்பாடு அந்தப் பக்கம்தான், இட்லி கிடைக்குமா என்று கவலைப்படும் பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். பேகம்பேட்டில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவை அறுத்து, மலேரியாக் கிருமி அதன் வயிற்றில் இருப்பதைக் கண்டார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக இருப்பது அதனால்தான். வாசலில் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி நாங்கள் கத்துவதைவிட, அந்தக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் மேற்குப் பக்கம். மெட்ரோவில் அமீர்பேட்டையிலிருந்து ராயதுர்க் வரை. 1998-இல் சைபர் டவர்ஸ் என்ற ஐ.டி. கட்டடம் திறந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் பாறையும் புதரும்தான். இன்று அந்தப் பாறைகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று நிற்கும் அந்தக் கருங்கற்களுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. வெடிவைத்துத் தகர்த்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். துர்கம் செருவு ஏரிக்கரையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, 2020-இல் திறந்த கேபிள் பாலத்திலிருந்து நன்றாகத் தெரியும். இந்த வளர்ச்சியைப் பார்த்து வாய் பிளக்கட்டும், தப்பில்லை. கூடவே, மெட்ரோ ரயில் சார்மினார் வரை இன்னும் ஓடவில்லையே, ஏன் என்ற கேள்வியையும் அவர்களிடம் வைப்போம். பதிலை நாங்கள் சொல்லப்போவதில்லை.

ஜனவரி என்பதால் நாம்பள்ளி மைதானத்தில் நுமாயிஷ் பொருட்காட்சி நடந்துகொண்டிருக்கும். 1938-இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கியது. வருகிற வருமானத்தில் அந்தச் சங்கம் கல்வி நிலையங்கள் நடத்துகிறது. ஒரு மாலை அங்கே. ராட்டினம் உண்டு. ஃபிலிம் சிட்டிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு: பிரியாணி ஒரு வேளை மட்டும், சைவப் பிள்ளைகளுக்குத் தனியாக ஏற்பாடு. ஈரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் எல்லோருக்கும் பள்ளிச் செலவில். கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் கடையும் ஹலீம் கேட்கும் பிள்ளைகளிடம், அது ரமலான் மாதத்துப் பண்டம் என்று சொல்லிவையுங்கள்.

கைச்செலவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். கைப்பேசி வேண்டாம்; தினமும் இரவு வகுப்பாசிரியர் குழுவில் செய்தி போடுவார். கோல்கொண்டாவில் படிகள் அதிகம், செருப்பு வேண்டாம், ஷூ போதும். இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் அவசியம். பள்ளிவாசல், கோயில் இரண்டுக்கும் போவதால் முழங்கால் மறையும் உடை வைத்தனுப்புங்கள்.

பணம் கட்ட முடியாத காரணத்தால் பெயர் கொடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் இருந்தால், தயங்காமல் என்னை நேரில் வந்து பாருங்கள். பழைய மாணவர்கள் கொடுத்த தொகை அதற்காகவே இருக்கிறது, யாருக்கு என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும்.

சம்மதக் கடிதத்தில் இரண்டு பெற்றோர் கையொப்பமும், ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் அந்த விவரமும் வேண்டும். பேருந்தில் வாந்தி வரும் பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் கடைசி இருக்கையில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்