மலைச்சரிவில் ஒரு கற்பூரவள்ளி

மட்டக்களப்பு
ஆனி மாதம்

அன்பின் மச்சான்,

படம் கிடைத்தது. உங்கட மலைச்சரிவில் கண்ட இந்தச் செடியைச் சளிக்குக் கற்பூரவள்ளிபோல எடுக்கலாமா என்று கேட்டாய். பாறையோடு பாய்போலப் படர்ந்து ஊதாப் பூ பூத்திருப்பது காட்டுத் தைம் (thyme) என்ற மணச்செடி போலத்தான் கிடக்கு. அங்கே ஜேர்மன் பெயரில் குவென்டல் என்று கேட்டுப் பார். ஆனால் படத்துக்கு மணம் இல்லையே, இலையைக் கசக்கி மோந்து பார். நம்மட கற்பூரவள்ளியின் காரம் ஏறினால் எடு. எலுமிச்சை மணம் வந்தால் சளிக்கு நம்பாதே. இடத்துக்கு இடம் எண்ணெய் மாறும் செடி அது.

காரத்துக்குக் காரணம் எண்ணெயில் உள்ள தைமோலும் கார்வக்ரோலும். ஓமத்தில் தைமோல் அதிகம், கற்பூரவள்ளியில் பெரும்பாலும் கார்வக்ரோல். இத்தனைக்கும் ஓமம் கொத்தமல்லிச் சாதி, கற்பூரவள்ளியும் தைமும் துளசிச் சாதி!

மணம் ஒன்றென்று பக்குவமும் ஒன்றென்று நினைத்துவிடாதே. கற்பூரவள்ளி இலையைத் தணலில் வாட்டிப் பிழியலாம், சாறுள்ள இலை. தைம் இலையில் பிழிய ஒன்றும் இல்லை; அதைச் சுடுதண்ணியில் ஊறவைக்கத்தான் வேணும். பூத்திருக்கும்போது, பனி காய்ந்த பிறகு, நுனியை மட்டும் வெட்டு. அடித்தண்டு மரம்போல இருக்கும், அதை விட்டால்தான் திரும்பத் துளிர்க்கும். நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடு. வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்து வைக்கோல்தான் மிஞ்சும். குவித்து வைத்தால் பூஞ்சணம். தண்டு பட்டென்று ஒடிந்தால் பதம். இலையை உருவிப் போத்தலில் இறுக்கி மூடு, தூளாக்கி வைக்காதே.

குடிக்க, காய்ந்த இலை ஒரு தேக்கரண்டி (ஏறக்குறைய 1.5 கிராம்), கொதித்து இறக்கிய தண்ணி 150 மில்லிலீற்றர். மூடி 10 நிமிடம். மல்லித்தண்ணிபோலத் திறந்த சட்டியில் வற்றக் காய்ச்சுகிறவர்கள்தான் அதிகம். மூக்குக்கு நல்ல மணம் வரும், அவ்வளவு மருந்தும் வீட்டுக் கூரைக்குப் போய்விடும். மூடியில் வேர்த்த தண்ணியையும் கோப்பைக்குள் தட்டிவிடு. நாளுக்கு மூன்று தரம் போதும். தொண்டை நோவுக்குக் கொப்பளிக்க 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் போட்டுக் கடுப்பாக எடு.

ஒன்று சொல்லவேணும். ஐரோப்பிய மருந்து நூலின் அளவுப்படி தோட்டத் தைமில் கிலோவுக்குக் குறைந்தது 12 மில்லிலீற்றர் எண்ணெய் இருக்கவேணும், காட்டுத் தைமுக்கு 3 போதும். கடும் இருமலென்றால் மருந்துக்கடையில் தோட்டத் தைமை வாங்கு. காட்டுத் தைம் சாதாரணச் சளித் தடிமனுக்கு.

சின்னப் போத்தலில் விற்கும் தைம் எண்ணெய் வேறு சங்கதி. அதைக் குடிக்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவுக்கு அந்தத் தைமோலைத்தான் கொடுத்தார்கள். அளவு மிஞ்சி உயிர் போனதும் உண்டு.

பேரனுக்கு எட்டு மாதம் என்றாய். அவனுக்கு இது ஒன்றும் வேண்டாம், எண்ணெயை நெஞ்சிலோ மூக்கடியிலோ தடவவும் வேண்டாம். தேனும் ஒரு வயது முடியுமட்டும் கூடாது. நாக்கில் தொட்டு வைக்கக் கிழவிகள் சொன்னாலும்தான். இழுப்பு, மூச்சுத்திணறல் என்றால் உடனே டொக்டரிடம் கொண்டுபோ.

கற்பூரவள்ளி வளர்க்கிறதென்றால் சாடியில், யன்னலோரம். ஒரு சாண் தடியை வெட்டி, ஒரு நாள் வெட்டுவாய் காய விட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்று. இங்கே மாரிக்கு, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண்ணில் வேர் அழுகும். கிழக்கே எழுவான்கரை மணலில் தப்பும். உன் சாடிக்கும் அதே கணக்கு, மண் காய்ந்த பிறகுதான் தண்ணி. உறைபனி பட்டால் ஒரே இரவில் கறுத்துவிடும், ஐப்பசிக்கு முன்னமே உள்ளே எடு.

கசக்கிப் பார்த்து மணத்தை எழுது.

அன்புடன்,
உன் மச்சான்