இரண்டு பேருமே கடல்காரர்கள்

யோகோஹாமா
22.10.2006

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

ஜெசி எழுதிய கடிதம் ஒன்பதாம் தேதியே கிடைத்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு என்ன காரணம் சொன்னாலும் அம்மா நம்பப்போவதில்லை. சிலுவைக்கோவில் திருவிழாவுக்கு நான் ஒரு போன்கூடப் போடவில்லை என்று மூன்று நாள் யாரிடமும் பேசவில்லையாமே. அன்றைக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது ராத்திரி பதினொன்றரை. நம் ஊரில் எட்டு மணி. எல்லோரும் மணல்மேட்டில்தான் இருப்பீர்கள், வீட்டில் போனை யார் எடுக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் போட்டிருக்கலாம். போடவில்லை, தப்புதான்.

ஜெசி, இதை நீதான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாய். நிறுத்தி வாசி. ஜப்பான்காரர் பெயர் வரும் இடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்காதே.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இந்தியாக்காரன் என்றால் காலை, மதியம், ராத்திரி நான் ரொட்டிதான் தின்கிறான் என்று இந்த ஊர் நம்புகிறது. கடைக்கு வருகிற எல்லோரும் நான் வேண்டும், நான் வேண்டும் என்கிறார்கள். என்னையல்ல, ரொட்டியை. தந்தூர் அடுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டுகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மிச்சமாகிற மாவில் எனக்கும் இரண்டு தட்டிக்கொள்வேன். மீன் மலிவு. சாளை இங்கேயும் இருக்கிறது, இவாஷி என்கிறார்கள். அம்மா, மாசிக் கருவாடு இருக்கிறதல்லவா, அதுவும் இருக்கிறது! கட்சுவோபுஷி என்று பெயர். கட்டைபோலக் காய்ந்திருப்பதை இழைப்புளி மாதிரி ஒன்றில் சீவிச் சீவிச் சாற்றுக்குப் போடுகிறார்கள். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது கடைத்தெருவிலேயே நின்றுவிட்டேன். சம்பல் அரைக்கத் தேங்காய்தான் கிடைக்கவில்லை. குளிர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன வருஷக் கம்பளியே போதும், புதிதாக எதுவும் வாங்கவில்லை.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து அறைத் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். குப்பையைத் தப்பான நாளில் போட்டேன் என்று அதை என் கதவிலேயே கொண்டுவந்து தொங்கவிட்டாரே, அவர்தான். காது மந்தம், டிவியை அலறவிடுவார். நடுவில் இருக்கிற சுவரோ பலகை கனம்கூட இல்லை. பதினொன்றாம் தேதி புதன்கிழமை, எனக்கு லீவு. சாயங்காலம் படுத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரே கூச்சல். கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். கையில் ஒரு நோட்டு, காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சட்டையைப் பிடித்து இழுத்து டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

டிவியில் சாஸுகே என்று ஒரு போட்டி. பழைய கதைகளில் வரும் ஒரு நிஞ்சாவின் பெயராம். 1997இல் ஆரம்பித்திருக்கிறார்கள். நடப்பது மிதோரியாமா என்ற இடத்தில், அதுவும் இதே யோகோஹாமாவில்தான். ஒவ்வொரு தடவையும் 100 பேர் இறங்குவார்கள். நான்கு கட்டம். முதல் கட்டத்தில் தாண்டுவது, தொங்குவது, உருள்வது, எல்லாம் கடிகாரம் ஓட ஓட. தவறினால் கீழே சேற்றுத் தண்ணீர். விழுந்தவன் எழுந்து வெட்கப்பட்டுக்கொண்டே தலை வணங்கிவிட்டுப் போகிறான். இந்த ஊரில் விழுந்தாலும் வணங்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு சுவர் இருக்கிறது அப்பா, பெரிய அலை எழும்பித் தலைமேல் கவிழப்போகிற நேரத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்ட மாதிரி வளைந்திருக்கும். ஓடிவந்து ஏறி மேல் விளிம்பைப் பிடிக்க வேண்டும். அதில்தான் பாதிப் பேர் சறுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாம் கட்டத்தின் முடிவில் 30 கிலோ, 40 கிலோ, 50 கிலோ என்று மூன்று சுவரை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் நுழைந்து போக வேண்டும். மூன்றாவதில் கடிகாரமே கிடையாது. ஆனால் முழுக்கக் கை வேலை. மூன்று சென்டிமீட்டர் அகல விளிம்பை விரல் நுனியால் பிடித்துத் தொங்கியபடியே பக்கவாட்டில் நகர வேண்டும். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கினாலே எனக்குக் கை கடுக்கும், உங்களுக்குத் தெரியும். கடைசிக் கட்டம் ஒரு கோபுரம். இரண்டு சுவருக்கு நடுவே கையையும் காலையும் பரப்பி ஊன்றி ஏறி, அப்புறம் கயிறு, உச்சியில் ஒரு பொத்தான். எல்லாம் 30 நொடிக்குள்.

தாத்தாவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வந்து ஒன்றரை வருஷத்தில் நான் வாசித்துப் புரிந்துகொண்ட முதல் ஜப்பான் புத்தகம் அதுதான். எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் எண்கள் நம் எண்கள்தானே. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம். எத்தனை பேர் இறங்கினார்கள், எந்தக் கட்டத்தை எத்தனை பேர் தாண்டினார்கள், யார் எத்தனை நொடி மிச்சம் வைத்தார்கள், எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கிறார். மூன்றாவது போட்டியில் முதல் கட்டத்தைத் தாண்டியவர்கள் 37 பேர், அதுதான் அதிகம் என்று வட்டம் போட்டுக் காட்டினார். 17 தடவை, 1700 பேர். வந்தவர்களே திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற யமமோதோ ஷிங்கோ என்பவர் 17 தடவையும் ஓடியிருக்கிறார், ஒன்றைக்கூட விடவில்லை. யமதா கட்சுமி என்று இன்னொருவர். 1999இல் மூன்றாவது போட்டியில் உச்சிக் கோபுரம் வரைக்கும் போய்விட்டார். அதன் பிறகு அந்த இடத்துக்கு அவரால் வரவே முடியவில்லை. தனக்கு சாஸுகேயை விட்டால் வேறு எதுவும் கிடையாது என்று அவர் சொன்னதை இங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக் காட்டுகிறார்கள். இந்தத் தடவையும் வந்தார், முதல் கட்டத்திலேயே போனார். எனக்கு என்னமோ அவரைத்தான் பிடித்தது.

சரி, 1700இல் நான்கு கட்டத்தையும் முடித்தது எத்தனை பேர் தெரியுமா? அன்று ராத்திரி வரைக்கும் ஒரே ஒருவர். 1999இல் நான்காவது போட்டியில் முடித்த அகியாமா கசுஹிகோ. வடக்கே ஹொக்காய்தோவில் நண்டு பிடிப்பவர். பிறவியிலேயே பார்வை மங்கல். அவர் முடித்ததும் இது சுலபமாகிவிட்டது என்று களத்தையே மாற்றிக் கட்டிவிட்டார்கள். 2000இல் அந்த வளைந்த சுவர் வந்து, ஜெயித்தவரையே தடுத்துக் கீழே அனுப்பியது. நான் ‘அநியாயம்’ என்று தமிழில் சொன்னேன். தாத்தா தலையாட்டினார், என்ன புரிந்ததோ.

இரண்டாவது ஆள்தான் நான் பார்த்தது. நாகானோ மகோதோ. தெற்கே மியாசாகியைச் சேர்ந்தவர், 34 வயது, மீன்பிடிப் படகின் தலைவர். படகுத் தளத்திலேயேதான் பயிற்சி எடுப்பாராம். 2003இல் இரண்டு தடவையும் 2004இல் ஒரு தடவையும், தொடர்ந்து மூன்று போட்டியில் உச்சிக் கோபுரத்துக்கு வந்திருக்கிறார், மூன்றும் போயிற்று. அதில் நடுவில் உள்ளதைத் தாத்தா பக்கம் திருப்பிக் காட்டினார். உச்சிக்கு ஏறிப் பொத்தானையும் அடித்துவிட்டார், ஆனால் 0.11 நொடி தாமதம். அந்த எண்ணுக்குக் கீழே பென்சில் அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருந்தது.

அன்றைக்கு அவர் கோபுரத்துக்கு அடியில் வந்து நின்றபோது தாத்தா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அதுவரைக்கும் ஊரே கேட்கும்படி வைத்திருந்தவர், ஏனென்று தெரியவில்லை. மணி அடித்தது. சுவரில் ஏறிய வேகத்தை நான் சொல்லி உங்களுக்குப் புரியாது. கயிற்றைப் பிடித்ததும் எனக்கு டிவியே மறந்துவிட்டது. நம் பழைய வள்ளத்தில் பாய்க்கயிறு சிக்கிக்கொண்டு, ஆட்டத்தில் நீங்கள் பாய்மரத்தில் ஏறிப் போனீர்களே, நான் கீழே தண்ணீர் இறைக்கும் சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அதே கை வீச்சு. கைக்கு மேல் கை. 2.56 நொடி மிச்சம் இருக்கும்போது பொத்தானை அடித்துவிட்டார். தாத்தா எழுந்து நின்று கும்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் அந்த நோட்டில் சிவப்பில் இருப்பது இரண்டே பெயர். இரண்டு பேருமே கடல்காரர்கள். இதைத் தாத்தாவிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ‘என் அப்பாவும் ரியோஷி’ என்றேன். ரியோஷி என்றால் மீன்பிடிக்கிறவர். கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அதில் என்ன இருக்கும், அடுப்புச் சூடுபட்ட தடம்தான் இருக்கும். கயிற்றுத் தழும்பு ஒன்றுகூட இல்லை. கையை இழுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இங்கே ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம்தான் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தூரத்தில் அலை மாதிரி இருக்கிறது, பழகிவிட்டால் வித்தியாசம் தெரியாது. வாடை தொடங்கியிருக்குமே, நம் வீட்டுக் கதவு படபடவென்று அடிக்குமே என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஜெசி, இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. தூக்கம் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது.

வள்ளத்தை மிக்கேல் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா யோசிப்பதாக எழுதியிருந்தாய். முழங்கால் வலி, டெரன்ஸும் கப்பலுக்குப் போகிறேன் என்று நிற்கிறான், உன் கல்யாணமும் தை மாதத்தில் வருகிறது. எல்லாம் நியாயம்தான். விற்றுவிடுங்கள் அப்பா என்று எழுதத்தான் இன்றைக்குக் காகிதம் எடுத்தேன். மூன்று பக்கம் எழுதிவிட்டேன், அந்த வரியை மட்டும் எழுத வரவில்லை. விற்காதீர்கள் என்று சொல்லவும் எனக்கு முகம் இல்லை. இந்த மாதம் எட்டாயிரம்தான் அனுப்பியிருக்கிறேன். கடையில் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள், கணக்கு முறையை மாற்றுகிறார்களாம், கவலைப்படும்படி ஒன்றுமில்லை. கார்த்திகைக்குள் சேர்த்து அனுப்பிவிடுவேன். ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டியதில் பாதி முடிந்துவிட்டது என்று அவர் வந்தால் சொல்லுங்கள். வாசலில் நின்று சத்தம் போட்டால் சித்தப்பாவைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொடுப்பதென்றாலும் தை முடியட்டும். சித்தப்பாதானே, எங்கே போய்விடப்போகிறார். அதுவரைக்கும் எஞ்சினை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுக்கிற வேலை வேண்டாம். அது போனால் வள்ளத்துக்கு விலையே இருக்காது. முழங்காலுக்குத் திருச்செந்தூருக்குப் போய்ப் படம் எடுங்கள். எண்ணெய் தேய்த்தது போதும். டெரன்ஸிடம் சொல்லுங்கள், கப்பலுக்குப் போகட்டும், ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்கு முன்னால் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. நான் பட்டது போதும் என்று சொல்லுங்கள். இல்லை, அந்தக் கடைசி வரியைச் சொல்ல வேண்டாம். பணம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஜெசி, மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்டார்கள் என்று நீ எழுதவே இல்லை. வெட்கப்படாமல் எழுது. பத்திரிகை அடித்தால் இரண்டு அனுப்பு, ஒன்று பக்கத்து அறைத் தாத்தாவுக்கு. சென்னையிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள். நெத்திலிக் கருவாடு வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம், இதற்குக் கட்டாயம் பதில் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தாத்தா அந்த நோட்டோடு என் அறைக்கு வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, அப்பாவின் பெயர் என்ன, வயது என்ன, படகு எத்தனை மீட்டர், எத்தனை வருஷம் கடலில் இருந்தார் என்று ஒவ்வொன்றாக விரல்விட்டுக் கேட்டு எழுதினார். வயது 58 என்றேன். வள்ளம் ஒன்பது மீட்டர் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு 40 என்று சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்தால், நீங்கள் முதல் முதலில் உங்கள் அப்பாவோடு கடலுக்குப் போனபோது பதிமூன்று வயதா, பதினைந்தா என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அதைத் திருத்த வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். சரியான கணக்கைப் பார்த்து, வள்ளத்தையும் கயிறு வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சகாயராஜ்