திரையின் கீழே காலியாகப் போன நான்கு நிமிடம்

தேசியத் திரைப்பட விருதுகளை நடத்தும் தகவல் ஒலிபரப்பு அமைச்சக அதிகாரிகளுக்கும், நடுவர் குழுவில் அமர்கிற பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. சிறந்த பாடலாசிரியர் விருது பற்றி உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். போட்டிக்கு வரும் ஒவ்வொரு பாட்டும், எழுதிய மொழியிலேயே, வரிக்கு வரி பொருளோடு நடுவர்களின் கைக்கு வர வேண்டும். அந்த மொழி தெரிந்த ஒருவர் அதை அவர்கள் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் எந்தப் பாட்டையும் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்த ஒரு சின்னப் படத்தில் ஒரு தாலாட்டு வருகிறது. பாட்டி ஒருத்தி பேரனைத் தூளியில் போட்டு ஆட்டுகிறாள். முதல் சரணத்தில் பிள்ளையை ‘சாமி’ என்று கூப்பிடுகிறாள். நம் ஊர்களில் பிள்ளையை அப்படித்தானே கொஞ்சுவார்கள். இரண்டாம் சரணத்தில் ‘ராசா’. கடைசிச் சரணத்தில் மறுபடியும் ‘சாமி’ வருகிறது. ஆனால் அப்போது அவள் பார்வை சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் மேல் இருக்கிறது. செத்துப்போன மகனின் படம். மெட்டு மாறவில்லை, தூளி ஆடுவதும் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லில் தாலாட்டு ஒப்பாரி ஆகிவிடுகிறது.

இதை எழுதிய தம்பிக்குக் கிடைத்தது வெறும் தத்தகாரம்தான். ‘தன்னன்னா தானன்னா’ என்று இசையமைப்பாளர் முனகி அனுப்பிய ஒரு செல்போன் பதிவு. அந்த நீள அசையில் உட்காரவும் வேண்டும், பிள்ளைக்கும் பொருந்த வேண்டும், பிணத்துக்கும் பொருந்த வேண்டும். அப்படி ஒரு சொல்லைத் தேடி மூன்று வாரம் அலைந்திருக்கிறான். எனக்கு இரண்டு ராத்திரி. ஆங்கிலத்தில் ‘கடவுள்’ என்று போட்டால் கொஞ்சல் செத்துவிடும். ‘கண்ணே’ என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டால் கடைசிச் சரணத்தில் ஒப்பாரி வராது. திரையின் அடியில் எனக்குக் கிடைப்பது இரண்டே வரி, ஒரு வரிக்கு நாற்பது எழுத்து சொச்சம். கடைசியில் ‘சாமி’ என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டு, முந்தைய வரியில் கொஞ்சம் இடம் பிடித்து அதற்கு விளக்கம் கொடுத்தேன்.

அந்த உழைப்பு எதுவும் டெல்லிக்குப் போகவில்லை. தயாரிப்பு அலுவலகத்தில் வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் இருந்த பழைய கோப்பை எடுத்து விருதுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டு ஓடும் நான்கு நிமிடமும் திரையின் கீழே ஒன்றும் கிடையாது. விசாரித்தபோது, “பாட்டுக்கு எதுக்கு சார் சப்டைட்டில், மியூசிக் கேட்டாலே புரியுமே” என்றார் அங்கிருந்த ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. பாட்டு என்றால் இசை என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

விருது அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். விருது கிடைக்கவில்லை என்பதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. “அண்ணே, ‘சாமி’க்கு என்ன போட்டீங்க?” என்று மட்டும் கேட்டான். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவனுக்குத்தான் விருது தந்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த வருடம் அதைவிட நல்ல பாட்டு இருந்திருக்கலாம். படித்துப் பார்த்து, போதாது என்று சொல்லியிருந்தால் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வோம். பாட்டின் வரிகள் படத்தோடு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் பரிசீலனை இல்லை என்று கறாராக ஒரு விதி இருந்தால் எந்தத் தயாரிப்பாளரும் இப்படிக் கைதவற விடமாட்டார்.

தமிழுக்கு இந்த விருதில் குறை ஒன்றும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். 1968-ம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் பாடலாசிரியருக்கென்று முதன்முதலாகப் பரிசு கொடுத்தபோது அதை வாங்கியவரே எங்கள் கண்ணதாசன்தான், ‘குழந்தைக்காக’ படத்துக்கு. வைரமுத்து ஏழு முறை வாங்கியிருக்கிறார். நா. முத்துக்குமார் 2013, 2014 என்று அடுத்தடுத்த ஆண்டுப் படங்களுக்கு வாங்கினார். ஆனால் நான் தமிழுக்காக மட்டும் கேட்கவில்லை. 2023-ம் ஆண்டுப் படங்களில் ‘பலகம்’ தெலுங்குப் படத்துக்காகக் காசர்ல ஷ்யாமுக்குக் கொடுத்தீர்கள். அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டபோது தாளம் பிடித்தது, அவ்வளவுதான். அப்புறம் ஹைதராபாத் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது தெலங்கானாப் பேச்சு, இந்தச் சொல் கிராமத்தில்தான் வரும் என்று ஒவ்வொரு வரியாகச் சொன்ன பிறகுதான் பாட்டு எனக்குள் இறங்கியது. ஒரு அசாமியப் பாட்டுக்கோ துளுப் பாட்டுக்கோ உங்கள் அறையில் அப்படிப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டாமா?

ஐந்து மண்டலக் குழுக்கள் பார்த்துத் தேர்ந்த பிறகு படம் மத்தியக் குழுவுக்கு வருகிறது. தமிழும் மலையாளமும் ஒரே மண்டலத்தில் இருப்பதால் அங்கே மொழி தெரிந்த காதுகள் இருக்கும். மத்தியக் குழுவில் பெரும்பாலானவர்களுக்கு சப்டைட்டில்தான் துணை. நடிப்பை மொழி தெரியாமல் ஓரளவு பார்த்துவிடலாம். ஒளிப்பதிவுக்கு மொழியே தேவையில்லை. பாட்டுக்கான விருதுகளில் பாடலாசிரியர் விருது ஒன்றுதான் முழுக்க முழுக்கச் சொல்லுக்காகக் கொடுப்பது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. பின்னணிப் பாடகருக்கு ஆண், பெண் என்று இரண்டு விருது. இசைக்குப் பாடலுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று. இத்தனை மொழிக்கும் சேர்த்துப் பாடலாசிரியருக்கு ஒன்றே ஒன்று. பாட்டுச் செயலிகளைத் திறந்தால் பாடியவர் பெயர் இருக்கிறது, இசையமைத்தவர் பெயர் இருக்கிறது, எழுதியவரை மூன்று தடவை தட்டித் தேட வேண்டியிருக்கிறது. படத்துக்கு வெளியே தனிப்பாட்டு எழுதும் பிள்ளைகளுக்கு இந்த விருதில் இடமே கிடையாது. பாட்டு எழுதியவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அதை அவர் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது நம் நாடாளுமன்றம். சட்டம் அவ்வளவு தூரம் மதித்த ஒரு வேலையை நம் விருது மேடை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பரிசுத் தொகையை இரண்டு லட்சமாக உயர்த்தியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. நான் பணமோ புது விருதோ கேட்கவில்லை. கேட்பது முதலில் சொன்னதுதான்: பாட்டின் வரிகள் அதன் சொந்த எழுத்தில், பக்கத்தில் பொருள், வாசித்துக் காட்ட மொழி தெரிந்த ஒருவர். ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தயாரிப்பாளர் அனுப்பத் தவறினால் எழுதியவரே நேரடியாக அனுப்பவும் வழி செய்யுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்ப அறிவிப்பு வருவதற்குள் இந்த விதியைச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பாட்டுகளை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு வரி தகவல் அனுப்புங்கள். என் செலவிலேயே டெல்லிக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
சப்டைட்டில் எழுதுகிற ஒருவன்