குறிலும் நெடிலும் போட்ட பாதை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியதில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இப்போது ஊசியும் நூலும்தான் உலகம்.

ஜப்பானியரின் சாஷிகோ என்ற கைத்தையல் கலையில் ஹிடோமெசாஷி என்று ஒரு வகை இருக்கிறது. நமக்குத் தெரிந்த ரன்னிங் ஸ்டிச்தான். துணியில் 5 மில்லிமீட்டர் கட்டம் வரைந்து, கோட்டின் மேல் ஒரு கட்டம் நூல் மேலே, அடுத்த கட்டம் கீழே என்று போகவேண்டும். படுக்கைக் கோடுகளை முடித்துவிட்டு நெடுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் நாம் முடிவு செய்வது ஒன்றே ஒன்று: நூல் மேலே தொடங்குவதா, கீழேயா? எல்லாம் ஒரே மாதிரி தொடங்கினால் தனித்தனிச் சதுரங்கள். மாற்றி மாற்றித் தொடங்கினால் படிக்கட்டுகள். ஒழுங்கில்லாமல் தொடங்கினால்தான் புதிர்ப்பாதை பிறக்கிறது!

அதற்கு உன் கடிதத்தின் வரிகளையே எடுத்துக்கொண்டேன். ஒரு கோட்டுக்கு ஓர் எழுத்து: நெடில் என்றால் மேலே, குறில் என்றால் கீழே, மெய்யெழுத்தை விட்டுவிடுவேன். தமிழில் குறில்தானே அதிகம்? அதனால் குட்டிச் சதுரங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன; நெடில் விழுந்த இடத்தில் பாதை நெளிந்து நீண்டது. நாணயம் சுண்டியும் செய்து பார்த்தேன். எனக்கு எழுத்துதான் பிடித்திருக்கிறது.

இன்னொரு அழகு. உள்ளே எந்தப் புள்ளியிலும் ஒரு படுக்கைத் தையலும் ஒரு நெடுக்குத் தையலும் மட்டுமே சேரும். ஆகவே கோடு எங்கும் கிளை பிரியாது, நடுவில் அறுந்தும் நிற்காது. சுற்றி வந்து மூடிக்கொள்ளும், இல்லையென்றால் விளிம்புக்குப் போய்விடும். துணியைத் திருப்பினால் பின்பக்கம் வேறொரு புதிர்ப்பாதை!

ஆனால் தையல் கோடுகள்தானே புதிர்ப்பாதையின் சுவர்கள்; அவை மூடியிருந்தால் விரலால் வழி தேட முடியாதே. அதனால் ஒவ்வொரு சுவரிலும் ஒரு தையலை விட்டு வாசல் வைக்கிறேன். அங்கே பின்னால் நூல் மூன்று கட்ட நீளம் ஓடும் என்பதால், பின்பக்கமும் தெரியும் துணிக்கு இது சரிவராது. அப்புறம், கோட்டின் முனையில் திரும்பும்போது நூலைக் கொஞ்சம் தொய்வாக விடு. இழுத்தால் துணி சுருங்கிவிடும்.

மூடிய பகுதிகளுக்கு நிறம் கொடுக்கவும் ஆசை. கோடு கிளைக்காததால் இரண்டே நிறம் போதும், ஒரே நிறம் அடுத்தடுத்து வராது. வண்ணத்தில் உன் கண் என்னுடையதைவிடக் கூர்மை. கருநீலத் துணி, வெள்ளை நூல். எந்த இரண்டு நிறம் என்று எழுது.

உன்,
சாரதா