நியூயார்க்கில் ஒரு தெருமூலை

அன்புள்ள மாணிக்கம்,

கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். உன் ஞாபகசக்தியை நம்பி விட்டுவிடாதே.

இங்கே குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை. பேரன் பள்ளிக்குப் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களின் நம்பர் பிளேட்டை வாசிப்பதுதான் எனக்கு வேலை. நியூ ஜெர்சி பிளேட்டில் ‘கார்டன் ஸ்டேட்’ என்று போட்டிருக்கும். தோட்ட மாநிலமாம்! என் ஜன்னலில் தெரிவது நெடுஞ்சாலையும் கிடங்குகளும். 1954-ல் இந்தப் பெயரைப் பிளேட்டில் போடச் சட்டம் கொண்டுவந்தபோது, அன்றைய ஆளுநர் ராபர்ட் மேய்னரே ‘நம் மக்கள் யாரும் இதைத் தோட்டத்தோடு சேர்த்து நினைப்பதாகத் தெரியவில்லையே’ என்று சொல்லி ஒப்புதல் தர மறுத்திருக்கிறார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றிவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. பட்டப்பெயர்ப் பைத்தியம் பிடித்ததும் அதிலிருந்துதான்.

போன மாதம் மாப்பிள்ளை எங்களை நியூயார்க்குக்குக் கூட்டிப்போனார். உங்கள் மதுரை மாதிரி அதுவும் தூங்காத நகரம்தான். அந்தப் பட்டத்தை இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். நான் கேட்டது நியூயார்க்கின் இன்னொரு பட்டப்பெயரான ‘பிக் ஆப்பிள்’ (பெரிய ஆப்பிள்) பற்றி. சுற்றுலா பஸ்ஸில் வந்த வழிகாட்டி, அந்தக் காலத்தில் ஈவ் என்று ஒரு பெண் இங்கே விலைமாதர் விடுதி நடத்தினாள், அங்கிருந்த பெண்களை ‘ஆப்பிள்’ என்றார்கள், பெயர் அதிலிருந்து வந்தது என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொன்னான். நானும் வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, யாரோ வேடிக்கைக்கு இட்டுக்கட்டிய கதை அது. எழுபது வயதில் இப்படி மாட்டிக்கொண்டேன், சிரிக்காதே.

நிஜக் கதை பாரி பாப்பிக், ஜெரால்ட் கோஹன் என்ற இரண்டு பேர் பழைய பத்திரிகைகளை வருஷக்கணக்கில் புரட்டிக் கண்டுபிடித்தது. 1920களில் ‘நியூயார்க் மார்னிங் டெலிகிராஃப்’ பத்திரிகையில் குதிரைப் பந்தயம் பற்றி எழுதிய ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட்தான் இந்தப் பெயரைப் பரப்பினார். ஆனால் உருவாக்கியது தான் இல்லை என்று அவரே 1924 பிப்ரவரியில் எழுதிவைத்திருக்கிறார். நியூ ஆர்லியன்ஸ் பந்தயத் திடலில் கறுப்பினக் குதிரைக்காரர்கள் இரண்டு பேர், குதிரைகளைச் சூடு தணிய நடத்திக்கொண்டே பேசியிருக்கிறார்கள். “இங்கிருந்து எங்கே போகிறீர்கள்?” என்று ஒருவர் கேட்க, “பெரிய ஆப்பிளுக்கு” என்று மற்றவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். “அப்படியானால் குதிரைகளுக்குத் தீனி போட்டுத் தேற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆப்பிளில் உங்களுக்கு நடுத்தண்டுதான் மிஞ்சும்!” என்றாராம் முதல் ஆள். பரிசுப் பணம் கொழிக்கிற பந்தயங்கள் நியூயார்க்கில்தான். சின்ன ஊர்த் திடல்களில் சுற்றுகிறவர்களுக்கு அதுதான் பெரிய பழம்.

பின்னால் ஜாஸ் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1971-ல் சுற்றுலா விளம்பரத்துக்கு வந்தது. ஃபிட்ஸ் ஜெரால்ட் வாழ்ந்த பிராட்வே, மேற்கு 54-ஆம் தெரு சந்திப்புக்கு 1997-ல் ‘பிக் ஆப்பிள் கார்னர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போனேன். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அந்தக் குதிரைக்காரர்கள் பெயர் மட்டும் கிடையாது. எழுதியவரும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பதிலடியைச் சொன்ன வாய் யாருடையதோ!

சிகாகோவின் ‘விண்டி சிட்டி’யும் (காற்று நகரம்) இதே ரகம். 1893 உலகக் கண்காட்சிக்காகப் போட்டி நடந்தபோது நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சிகாகோக்காரர்களை வாய்ச்சவடால் ஆட்கள் என்று கிண்டல் செய்ய வைத்த பெயர் என்பார்கள். ஆனால் 1876-லேயே சின்சினாட்டி பத்திரிகைத் தலைப்பில் அது வந்தாயிற்று. காற்றைக் கணக்குப் பார்த்தாலும் பாஸ்டனில்தான் அதிகம்.

சரி, ‘ஓகே’ எப்படி வந்தது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். நாள் முழுக்க நாம் இரண்டு பேரும் சொல்கிற வார்த்தை, அதன் பிறந்த தேதியே இருக்கிறது: 1839 மார்ச் 23, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. அப்போது அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி, அதையும் சுருக்கி எழுதுவது. ‘ஆல் கரெக்ட்’டை ‘ஓல் கொரெக்ட்’ (oll korrect) ஆக்கி, அதிலிருந்து ஓ, கே. ‘ஆல் ரைட்’டுக்கும் இதே மாதிரி ‘oll wright’ என்று எழுதி ‘ஓ.டபிள்யூ’ இருந்தது, செத்துப்போயிற்று. ஓகே பிழைத்ததற்கு ஒரு தேர்தல் காரணம். 1840-ல் மறுபடி நின்ற அதிபர் மார்ட்டின் வான் பியூரனுக்குச் சொந்த ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று ஆதரவாளர்கள் ஓகே மன்றம் ஆரம்பித்தார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? முந்தைய அதிபர் ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததால் வந்தது ஓகே என்று கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றார், வார்த்தை ஜெயித்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் இதையெல்லாம் தோண்டி எடுக்கும்வரை ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. யாராவது துரோகம் செய்தால் ‘சோல்ட் டவுன் தி ரிவர்’ என்கிறார்கள், ஆற்றோடு விற்றுவிட்டான் என்று. கென்டக்கி போன்ற மேல்மாநிலங்களில் இருந்த அடிமைகளை, ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியாகக் கீழே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். லூயிவில்லில் அதற்கென்று சந்தையே இருந்தது. போனவர்கள் பிள்ளைகுட்டிகளைத் திரும்பப் பார்ப்பது அரிது. மாப்பிள்ளை போன வாரம் ஏதோ ஆபீஸ் சண்டையைப் பற்றி இதே வார்த்தையைச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நீ ஒன்று யோசித்துச் சொல். விடுதியில் உன்னை நாங்கள் ‘மணியக்காரர்’ என்று கூப்பிட்டோமே, அதை ஆரம்பித்தது யார்? நான்தான் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி திடீரென்று ஞாபகம் வந்தது: சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னாலேயே தட்டோடு நிற்கிறாய் என்று, பரிமாறுகிற அண்ணன்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். அவர் பெயர் என்ன, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

உன்,
வேலு